மாதக் கடைசிக்குப் பத்து நிமிட மூச்சு

ரங்கூனில் உளுந்து ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மாதக் கடைசியில் தலை வெடிக்கும். அக்கா மகன் என் போனில் ஒரு தியான ஆப் ஏற்றிக் கொடுத்தான், ஆறு வாரமாகிறது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடிப்படியில் உட்காருவேன். மூக்கு நுனியில் மூச்சு படுவதைக் கவனிக்கச் சொல்கிறது. முதல் வாரம் கீழ்க்கடை மொய்ங்கா (பர்மிய மீன் நூடுல்ஸ் சூப்) வாசனைதான் தெரிந்தது. இப்போது சென்னைப் பார்ட்டி போனில் கத்தினால், ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். முன்பெல்லாம் நானும் கத்துவேன்.

குறையும் உண்டு. கரண்ட் போனால் வைஃபையும் போய், குரல் பாதியில் நிற்கும். டவுன்லோடு செய்யக் காசு கேட்கிறது. "இன்று தியானம் செய்யவில்லையே" என்று ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் வேறு! அதை முதலில் அணைத்து வையுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே ஊரில் அக்கவுண்டண்ட் ஜெனரலாக இருந்த ஊ பா கின் 1950-களிலேயே தன் அலுவலக ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார். மாண்டலேயில் பிறந்த தியான ஆசிரியர் கோயங்கா அவரிடம் கற்றவர்தான். நம் ஊர்ச் சரக்கை இங்கிலீஷ் குரலில், மாதச் சந்தாவுக்கு நமக்கே விற்கிறார்கள்.

நான் இலவசப் பகுதியோடு நிறுத்திக்கொண்டேன்.