மதிப்பு நாலாயிரம் என்று போடச் சொன்னார்கள்

எங்கள் வட்டாரக் காவல் நிலையத்தில் சைக்கிள் திருட்டுப் புகாரை எப்படி வாங்குகிறார்கள் என்று, நான்கு முறை போய் வந்தவனாக எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே எனக்கு உதவிய ஒருவர் இருக்கிறார்; அவருக்கு என்னால் சங்கடம் வரக் கூடாது. பெரம்பூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

26 ஆண்டுகளாகச் செய்தித்தாள் ஏஜென்சி நடத்துகிறேன். விடியற்காலை மூன்றரை மணிக்குக் கட்டு வந்து இறங்கும். பூட்டிய கடை வாசல் ஒன்றில் உட்கார்ந்து இணைப்பிதழ்களைச் செருகி, லைன் வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் நான்கு பையன்கள் நான்கு சைக்கிளில் கிளம்புவார்கள். ஆறரைக்குள் கடைசி வீட்டில் பேப்பர் விழுந்துவிட வேண்டும். விழாவிட்டால் என் கைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். ஒரு சைக்கிள் போனால் எனக்கு ஒரு லைனே போகிறது. இதை இங்கே முதலில் சொல்லிவிடுகிறேன். நிலையத்தில் இதைச் சொல்ல எனக்கு இடமே கிடைக்கவில்லை.

அது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பேப்பர் கனம். கேரியரில் கட்டு, ஹேண்டில்பாரில் பை. லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில், கல்லூரி முதலாண்டு படிக்கும் எங்கள் பையன் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டு, ஆறு பேப்பரோடு மேலே ஏறியிருக்கிறான். இறங்கி வந்தால் வண்டி இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான். பூட்டுச் சாவியைக் கைக்குள் அவ்வளவு இறுக்கி வைத்திருந்தான். விரித்துக் காட்டச் சொன்னபோது அதன் பல் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. “பூட்டினேன் அண்ணா, பூட்டிவிட்டுத்தான் போனேன்” என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. அடுத்த தெரு முனையில், சாக்கடை ஓரம் கட்டு கிடந்தது. கயிற்றை அறுத்து இறக்கி வைத்திருந்தார்கள். மழைக்காக நான் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாள்கூடக் கலையவில்லை. மீதி 38 பேப்பரையும் இருவருமாக நடந்தே போட்டு முடித்தபோது மணி எட்டு.

அன்றே எட்டரைக்கு நிலையத்துக்குப் போனேன். எல்லா அம்மன் கோயிலிலும் கூழ் வார்க்கும் நாள், பாதிப் பேர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். “நாளைக்கு வாருங்கள்” என்றார் வாசலில் இருந்த காவலர். அதில் எனக்குக் குறையில்லை.

திங்கட்கிழமை வரவேற்பு மேசையில் ஒரு பெண் காவலர் இருந்தார். நாற்காலியைக் காட்டினார், வெள்ளைத்தாள் கொடுத்தார், அனுப்புநர் பெறுநர் எப்படி எழுத வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். இருபது வருடத்துக்கு முன்னால் இதே நிலையத்துக்குப் பணப்பை தொலைந்த புகாரோடு வந்தபோது நின்றபடியே திருப்பி அனுப்பினார்கள். அந்த விதத்தில் மாறியிருக்கிறார்கள், மனமாரச் சொல்கிறேன்.

பிறகு ஏட்டையாவிடம் அனுப்பினார்கள்.

“என்ன போனது?”

“சைக்கிள் ஐயா.”

கையில் எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “பைக் இல்லையே? சைக்கிள்தானே?”

சட்டைப்பையில் பில் வைத்திருந்தேன். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய வண்டி, 7,450 ரூபாய், முன்கேரியருக்கும் கனமான டயருக்கும் தனியாகச் செலவு. பில்லை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “இரண்டு வருடம் ஓட்டிய வண்டி. மதிப்பு நாலாயிரம் என்று போடுங்கள், போதும்” என்றார். நான் போட்டேன். ஏதோ கட்டத்தை நிரப்புவதற்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். மனுவை வாங்கி மேசையில் இருந்த அடுக்கின்மேல் வைத்துவிட்டு, “கிடைத்தால் கூப்பிடுகிறோம்” என்றார். மனு வாங்கியதற்கு ரசீது கொடுப்பார்கள், சி.எஸ்.ஆர். என்பார்கள். அதன் எண் இருந்தால் காவல் துறையின் இணையதளத்திலேயே மனுவின் நிலையைப் பார்க்கலாம். கேட்டேன். “சைக்கிளுக்கு எதற்கு?” என்றார்.

வெளியே வந்து டீக்கடையில் இதைச் சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே நின்ற ஐந்து பேரில் மூன்று பேர் வீட்டில் சைக்கிள் போயிருக்கிறது. இட்லிக் கடை அம்மாவின் மகனுக்கு டியூஷன் வாசலில். ஒரு வாட்ச்மேனுக்கு அவர் காவல் காத்த கட்டடத்துக்கு உள்ளேயே. ஒருவர்கூடப் புகார் கொடுக்கவில்லை. “சைக்கிளுக்கெல்லாம் போலீசுக்குப் போவார்களா?” என்று பஞ்சர் கடைக்காரர் என்னையே கேட்டார். போன வருடம் எங்களிடம் வேலை பார்த்த இன்னொரு பையனின் சைக்கிள், அரசுப் பள்ளியில் கொடுத்தது, காணாமல் போனபோது நானும் அப்படித்தான் இருந்தேன். பில் இல்லையே, எதைக் காட்டுவது என்று விட்டுவிட்டோம். நாங்கள் யாரும் போகவில்லை, அதனால் எங்கள் பகுதியில் சைக்கிள் திருட்டே எந்தப் புத்தகத்திலும் இல்லை. புத்தகத்தில் இல்லாததற்கு ரோந்து எப்படி வரும்?

பைக் போனால் நிலைமை வேறு. ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, பதிவு எண் இருக்கிறது, இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பணம் தராது. அதனால் ஆள் விடாமல் வந்து கேட்பார்; நிலையத்திலும் எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சைக்கிளுக்கு இவற்றில் எதுவும் இல்லை. என் அப்பா காலத்தில் உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வருடாவருடம் வரி வாங்கி அடையாள வில்லை கொடுத்தன. வில்லை இல்லாவிட்டால் பிடிப்பார்கள். இரவில் விளக்கில்லாமல் போனாலும் இரண்டு பேராகப் போனாலும் பிடிப்பார்கள், காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அப்பா சொல்வார். அபராதம் போட அது வண்டியாக இருந்தது. களவு போனால் மட்டும் ஏன் வண்டியில்லை?

ஒன்பதாம் நாள் மூன்றாவது முறையாகப் போனேன். இந்த முறை கையில் துப்போடு போனேன். கட்டு கிடந்த முனையில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. அதன் கேமரா தெருவைப் பார்த்து இருக்கிறது. கடைக்காரரிடம் பேசினேன். “போலீஸ் வந்து கேட்டால் தருகிறேன். ஆனால் பதினைந்து நாள் பதிவுதான் நிற்கும், அதற்குமேல் பழையது அழிந்துவிடும்” என்றார். சென்னைக் காவல் துறைதான் சில ஆண்டுகளுக்கு முன் ‘மூன்றாவது கண்’ என்று பெயர் வைத்துத் தெருத்தெருவாகக் கேமரா பொருத்தச் சொன்னது. கடைக்காரர்களும் குடியிருப்புக்காரர்களும் சொந்தப் பணத்தைப் போட்டு வைத்தார்கள். கண் இருக்கிறது, பார்க்க ஆள் வர வேண்டும், அவ்வளவுதான் என்று ஏட்டையாவிடம் சொன்னேன். பதினைந்து நாள் கணக்கையும் சொன்னேன். “அனுப்புகிறேன்” என்றார். யாரும் வரவில்லை.

எனக்கு வழி காட்டியவர் என் லைனில் பேப்பர் வாங்கும் வழக்கறிஞர் அம்மா. மாதப் பணம் வாங்கப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னேன். “நாலாயிரம் என்று யார் எழுதச் சொன்னது?” என்று கேட்டு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார். அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன், இது தெரியாததால்தான் நான் பன்னிரண்டு நாளை இழந்தேன். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவில், திருடு போனது பத்து ரூபாய்ப் பொருளானாலும் போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள். திருட்டு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு. கூடவே வந்த, குற்ற விசாரணை நடைமுறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் அட்டவணையில், போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் நடுவரின், அதாவது மாஜிஸ்திரேட்டின், உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது என்று இருக்கிறது. என் சைக்கிளை அந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளியது நான் எழுதிய நாலாயிரம். அப்படிக் கீழே இருந்தாலும் சும்மா அனுப்ப முடியாது. தகவலைப் பதிவேட்டில் எழுதி, நடுவரிடம் போகும்படி சொல்ல வேண்டும் என்கிறது 174ஆம் பிரிவு. கோட்டுக்கு மேலே என்றால் 173ஆம் பிரிவு: எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் எழுதலாம்.

அந்த ஐயாயிரம் ரூபாய்க் கோடு எனக்கு இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அதற்குக் கீழே யாருடைய சைக்கிள் இருக்கும்? கீரைக்காரருடையது, வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுடையது, பள்ளியில் இலவசமாகச் சைக்கிள் வாங்கிய பிள்ளையுடையது. ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லட்ச ரூபாய் கியர் சைக்கிள் ஓட்டுகிறவர் கோட்டுக்கு மேலே இருக்கிறார். அவர் வண்டி போனாலும் எனக்கு வருத்தம்தான். ஆனால் மறுநாள் அவருக்கு வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கும்.

வழக்கறிஞர் அம்மா சொன்னபடி மனுவைப் புதிதாக எழுதினேன். மதிப்பு 6,000, பில் நகல் இணைப்பு, பிரேம் எண். பிரேம் எண் என்ற ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நல்லவேளை, கடைக்காரர் பில்லின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் குறித்திருந்தார். பன்னிரண்டாம் நாள் துணை ஆணையருக்குப் பதிவுத் தபால் போனது. பதினாறாம் நாள் நிலையத்திலிருந்து போன் வந்தது.

நான்காவது முறை என்னை நிலைய எழுத்தரிடம் அனுப்பினார்கள். நான் முதலில் சொன்ன நல்லவர் இவர்தான். மேசையில் இரண்டு பக்கமும் கோப்புகள், நடுவில் ஆறிப்போன டீ. மனுவை முழுதாகப் படித்தார். பில்லைப் பார்த்தார். பிரேம் எண்ணை இரண்டு முறை வாசித்துச் சரிபார்த்தார். “முதல் நாளே இதைப் பதிந்திருக்க வேண்டும்” என்று தணிந்த குரலில் சொன்னார். நாற்பது நிமிடத்தில் எஃப்.ஐ.ஆர். நகல் என் கையில் இருந்தது. நாற்பதே நிமிட வேலை அது.

மறுநாள் ஒரு காவலர் என்னோடு மருந்துக் கடைக்கு வந்தார். கடைக்காரர் திரையில் தேதியைத் தேடினார். திருட்டு நடந்த ஞாயிறு இல்லை, அடுத்த திங்கள் இல்லை. செவ்வாயிலிருந்து இருந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை, அதே தெரு, அதே தெருவிளக்கு. எங்கள் பையன் பேப்பர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போகிறான். காவலர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மதிப்பெண் கேட்டால் வரவேற்புக்கும் எழுத்தருக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன். அந்தப் பதினாறு நாளுக்கு எதுவும் கொடுக்க மாட்டேன். ஆள் பற்றாக்குறை எனக்குத் தெரியாததல்ல. பந்தோபஸ்து முடிந்து வரும் காவலர்கள் எங்கள் கடை வாசலிலேயே உட்கார்ந்து தூங்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மனுவைப் பதிய நாற்பது நிமிடம். ஒரு கேமராவைப் பார்க்க அரை மணி. நான் துப்பைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீங்கள் போவதாக இருந்தால் பகல் பதினொரு மணிக்கு மேல் போங்கள், எழுத்தர் இருப்பார். வண்டி வாங்கிய விலையையும் அதற்குப் பிறகு செய்த செலவையும் நீங்களே கணக்குப் போட்டு எழுதுங்கள். இன்னொருவர் சொல்லும் எண்ணை எழுதாதீர்கள். ரசீது எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். வண்டி இன்னும் கையில் இருந்தால் இன்றே கவிழ்த்துப் போட்டு, பெடல் அச்சு போகும் குழாயின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எங்கள் மற்ற மூன்று வண்டியிலும் அங்கே கிரீசும் மண்ணும் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகுதான் எண் தெரிந்தது. பையன்கள் ஆளுக்கொன்றாக வாசித்தார்கள், நான் வரவு செலவு நோட்டில் எழுதிக்கொண்டேன். பின்சக்கரப் பூட்டை மட்டும் நம்பாதீர்கள். பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால் முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டே போய்விடலாம். 900 ரூபாய்க்கு இரும்புப் பூட்டு வாங்கி, கேட் கம்பியோடு சேர்த்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன்.

வண்டி கிடைக்கவில்லை. புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இருக்கிறதாம், 193ஆம் பிரிவு. என் கணக்குப்படி அது கார்த்திகையில் முடிகிறது. எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துக்கொண்டு அன்று ஐந்தாவது முறையாகப் போவேன்.