சிவப்பு–பச்சை கிறிஸ்துமஸ் அலங்கார செட்: எது தேறும், எது தேறாது

மரம், பந்துகள், ஜிகினாச் சரம், சீரியல் லைட், உச்சி நட்சத்திரம், நாலைந்து ரிப்பன் முடிச்சு என எல்லாமே ஒரே அட்டைப் பெட்டியில் வரும் சிவப்பு–பச்சை அலங்கார செட் பற்றிய மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மரம் நன்றாக இருந்தால் மட்டும் செட்டாக வாங்குங்கள். உடன் வருபவற்றில் பந்துகள் ஓரளவு தேறும். ரிப்பனும் விளக்கும் பெரும்பாலும் தேறாது. அவற்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டே பெட்டியில் கை வையுங்கள்.

பெட்டியின் மேல் உள்ள படத்தில் வீடு ஜொலிக்கும். அதே பொருட்களை வீட்டில் மாட்டினால் ஏனோ சந்தடியாகத் தெரியும். பொருளின் தரத்தைவிட நிற அளவுதான் இதற்குப் பெரிய காரணம். நிற வட்டத்தில் சிவப்பும் பச்சையும் எதிரெதிரே நிற்பவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். இரண்டும் சரிபாதியாக வந்தால் கண்ணுக்கு நிற்க இடம் கிடைக்காது. பச்சை இரண்டு பங்கு, சிவப்பு ஒரு பங்கு, மூன்றாவதாகத் தங்கமோ கிரீமோ மர நிறமோ கொஞ்சம் என்று வைத்தால் அமைதியாக இருக்கும். செட்டுகளில் பந்து, ஜிகினா, ரிப்பன், மரத்தடி விரிப்பு எல்லாமே ஒரே சிவப்பில் வருவதால், அத்தனையையும் மாட்டியதும் இந்த அளவு குலைந்துவிடுகிறது. வந்ததில் மூன்றில் ஒரு பகுதியை மாட்டாமல் விடுவதே பல வீடுகளுக்குப் போதுமான வைத்தியம்.

இன்னொரு சோதனை உண்டு. அலங்காரத்தைப் போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிட்டால் இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் இல்லை என்று பொருள். தூரத்திலிருந்து பார்த்தால் மொத்தமும் மங்கலாகத் தெரியும். சிவப்பு–பச்சை பிரித்தறியும் திறன் குறைந்தவர்களுக்கு அருகிலிருந்தே அப்படித்தான் தெரியும். அடர்பச்சை மரத்துக்கு நல்ல பளிச் சிவப்பு, இளம்பச்சை இலைக்கு அரக்குச் சிவப்பு என்று ஒன்றை இருட்டாகவும் மற்றதை வெளிச்சமாகவும் வைத்தால் சரியாகும். தக்காளிச் சிவப்பும் ஒயின் சிவப்பும் ஒரே கிளையில் அருகருகே வந்தால் ஒன்று அழுக்காகத் தெரியும். செட்டில் வரும் ரிப்பனும் பந்தும் ஒரே சிவப்பா என்று பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, விளக்கைப் போட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இனி மரம். செயற்கை மரத்தின் ஊசியிலைகள் இரண்டு வகை. ஒன்று, பிவிசி தாளை மெல்லிய கீற்றாக வெட்டி, முறுக்கிய கம்பியில் கோத்தது, தட்டையாக இருக்கும். மற்றது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்தது. ஒவ்வொரு ஊசிக்கும் பருமன் உண்டு, நிறமும் இயற்கைக்கு நெருக்கம். முழுக்க வார்ப்பு மரம் விலையும் எடையும் கூடியது. அதனால் வெளிப்பக்கத்தில் வார்ப்புக் கிளை நுனிகளும் உள்ளே பிவிசியும் வைத்த கலப்பு மரம்தான் வாங்கச் சரியானது. பல செட்டுகளில் வருவது முழு பிவிசி. அதில் தவறில்லை, நுனிகளின் எண்ணிக்கை போதுமானதாக இருந்தால். ஆறடி மரத்துக்கு 600 நுனிக்குக் கீழே என்றால் நடுக்கம்பு பளிச்சென்று தெரியும். 800 இருந்தால் சமாளிக்கலாம். 1000-க்கு மேல் அடர்த்தி. உயரத்தை மட்டும் பெரிதாக அச்சடித்து நுனி எண்ணிக்கையைச் சொல்லாத பெட்டியை நம்ப வேண்டாம். அடிப்பாகத்தின் அகலத்தையும் பாருங்கள். ஒரே ஆறடியில் இரண்டடி அகல ஒல்லி மரமும் உண்டு, நாலடியை எட்டும் பருத்த மரமும் உண்டு.

கிளைகள் கம்பத்தோடு கீல் வைத்துப் பொருத்தப்பட்டிருந்தால் விரித்தால் போதும். ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டும் வகையில் கிளைகளுக்கு நிறக் குறி இருக்கும். அந்தக் குறி உரிந்துவிட்டால் அடுத்த வருஷம் நீளம் பார்த்துப் பிரிக்கவே பொழுது போய்விடும். எந்த வகையானாலும் மரம் அழகாவது நுனிகளைப் பிரிக்கும் வேலையில்தான். கீழ் அடுக்கில் தொடங்கி மேலே போக வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் கம்பத்தை ஒட்டிய நுனியிலிருந்து வெளியே வந்து, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், ஒன்று மேலே என்று மடக்க வேண்டும். ஆறடி மரத்துக்கு முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். வெளி நுனிகளை மட்டும் பிரித்துவிட்டு உள்ளே அப்படியே விடுவதுதான் மரம் சொட்டையாகத் தெரிவதற்கு முதல் காரணம். அத்தனை பிரித்தும் கம்பம் தெரிந்தால், செயற்கை ஊசியிலைகளாலான அடர்பச்சைத் தோரணம் ஒன்றை அந்தக் கம்பத்தில் சுற்றிவிடுங்கள்.

நிற்கும் கால்கள் இரும்பா, பிளாஸ்டிக்கா என்பதும் முக்கியம். ஐந்தடிக்கு மேல் பிளாஸ்டிக் கால் வேண்டாம். ஒரு பக்கம் கனமான பந்துகள் ஏறினால் சாய்ந்துவிடும். இரும்புக் காலிலும் கம்பத்தை இறுக்கும் திருகாணியைக் கடைசி வரை முடுக்கினால்தான் ஆட்டம் நிற்கும்.

விளக்கில்தான் செட் அதிகமாக ஏமாற்றுகிறது. ஓர் அடி மரத்துக்கு 100 பல்ப் என்பது அலங்கரிப்பவர்கள் நெடுநாளாகப் பின்பற்றும் கணக்கு. ஆறடிக்கு 600 வேண்டும். பெட்டியில் இருப்பதோ பெரும்பாலும் 100. இந்த நூறை வைத்து மரத்தை இரண்டு சுற்று சுற்றினால் கோடு போட்டதுபோல் தெரியும், மரம் ஒளிராது. நிறமும் கவனிக்க வேண்டியது. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 2700 முதல் 3000 வரையுள்ள மஞ்சள் கலந்த வெள்ளையில் சிவப்பு உயிரோடு இருக்கும். 6000 கெல்வின் குளிர்வெள்ளையில் நீலம் மிகுதி, சிவப்பு குறைவு. எனவே சிவப்புப் பந்து மங்கிப்போய், பச்சை நீலம் பூத்ததாகத் தெரியும். பல நிற பல்ப் வேறு வகையில் கெடுக்கும்: சிவப்பு–பச்சை என்று பார்த்துப் பார்த்துச் செய்த அலங்காரத்தின் மேல் நீலமும் ஊதாவும் விழும். வயர் பச்சையாக இருக்கட்டும். கண்ணாடிபோல் நிறமில்லா வயர் சுவருக்குச் சரி. மரத்தில் பகல் முழுக்கப் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும்.

சரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் எரியவிட்டுப் பாருங்கள். சுற்றி முடித்தபின் பாதி எரியவில்லை என்றால் கழற்றுவது பெரும்பாடு. பிளக் உள்ள முனையைக் கீழே கம்பத்தருகே வைத்துத் தொடங்குங்கள். மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவதைவிட, உச்சியிலிருந்து அடி வரை நெடுக்காக மூன்று பாகமாக மனத்தில் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் வளைந்து வளைந்து மேலேறுவது மேல். ஒரு சரம் போனாலும் அந்தப் பாகத்தை மட்டும் கழற்றினால் போதும். கிளை நுனியில் மட்டும் ஓடவிடாமல், கம்பம் வரை உள்ளே போய் வெளியே வர வேண்டும். மரத்துக்கு ஆழம் அப்படித்தான் கிடைக்கிறது.

சரத்தின் ஒரு துண்டு மட்டும் இருண்டால் அந்தத் துண்டிலுள்ள பல்புகள் தொடராக இணைக்கப்பட்டவை என்று பொருள். பெரும்பாலும் ஒன்று பிடியிலிருந்து தளர்ந்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். பழைய இழை பல்ப் சரத்தில் கெட்டதை மாற்றாமல் விட்டால், மீதி பல்புகளுக்கு மின்னழுத்தம் கூடி அவையும் சீக்கிரம் போகும். ஒன்றின் வாலில் ஒன்றாக எத்தனை சரம் மாட்டலாம் என்பது வயரில் தொங்கும் சீட்டில் இருக்கும். இழை பல்ப் சரத்துக்கும் எல்இடி சரத்துக்கும் அந்த எண்ணிக்கை வெகுவாக மாறும், யூகிக்க வேண்டாம். வாசலிலோ பால்கனியிலோ போடுவதற்குக் தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும் என்று காட்டும் ஐபி44 குறியீடாவது வேண்டும்.

ரிப்பனுக்கு வருவோம். செட்டில் வருவது ஓரத்தில் கம்பி இல்லாத சாட்டின். முடிச்சுப் போட்ட ஒரு மணி நேரத்தில் காது தொங்கிவிடும். ஓரங்களில் மெல்லிய கம்பி ஓடும் 6 செ.மீ. அகல ரிப்பனைத் தனியாக வாங்குங்கள். ஆறடி மரத்துக்கு 15 மீட்டர் தாராளமாகப் போதும். அதை ஒரே நீளமாகச் சுற்றாமல் அரை மீட்டர், முக்கால் மீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையைக் கிளைக்குள் செருகி, நடுவில் புடைக்கவிட்டு, மறு முனையைக் கீழே அடுத்த கிளையில் செருகினால் அளவாகத் தெரியும். கதவுக்குக் காது நிறைந்த பெரிய முடிச்சு கட்ட இரண்டரை மீட்டர் ஆகும். நடுவைப் பூங்கொத்து கட்டும் மெல்லிய கம்பியால் இறுக்குங்கள். ரிப்பனாலேயே கட்டினால் நழுவும். வெல்வெட் சிவப்பு விளக்கொளியில் மிக அழகு, ஆனால் நனைந்தால் சாயம் இறங்கும். வெள்ளைச் சுவரிலும் மேசை விரிப்பிலும் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்துகள் பரவாயில்லை என்று சொன்னதற்குக் காரணம், உடையாத பிளாஸ்டிக்கில் இப்போது பூச்சு நன்றாக வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லௌஷா ஊரில் ஊதிச் செய்யத் தொடங்கிய கண்ணாடிப் பந்தின் மினுக்கு இதில் கிடைக்காது. குழந்தையும் பூனையும் உள்ள வீட்டுக்கு இதுவே பொருத்தம். ஓர் அடிக்குப் பத்து என்ற கணக்கில் ஆறடிக்கு 60 பந்து. எல்லாம் ஒரே 6 செ.மீ. அளவில் இருந்தால் புள்ளி வைத்த துணிபோல் ஆகிவிடும். பத்துப் பன்னிரண்டு 10 செ.மீ. பந்துகளைத் தனியாக வாங்கிச் சேருங்கள். பெரியவற்றைக் கீழேயும் கம்பத்தின் அருகேயும், சிறியவற்றை மேலேயும் நுனியிலும் மாட்ட வேண்டும். பளபளப்பு, மங்கல் பூச்சு இரண்டும் கலந்தால் போதும். ஜிகினாப் பொடி தூவியது பெருக்கப் பெருக்கத் தீராது. பந்தின் உலோக மூடி கழன்று விழுவது பொதுவான குறை; சூடான பசை ஒரு சொட்டு விட்டு மூடியை ஒட்டிவிடுங்கள். ஜிகினாச் சரத்தைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

செட்டில் இல்லாத ஒன்றை வாங்குவதானால் பச்சைத் தோரணம் வாங்குங்கள். வழக்கமான நீளம் 9 அடி. ஏழடி உயரம், மூன்றடி அகலக் கதவுக்கு மூன்று பக்கமும் சேர்த்து 17 அடி. ஆக இரண்டு தோரணம். படிக்கட்டுக் கைப்பிடியில் தொங்கவிட்டுக் கட்டுவதானால் நேர் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு எடுங்கள். கதவில் மாட்டும் பச்சை இலை வளையத்துக்கு மூன்றடிக் கதவில் இரண்டடி விட்டம் சரியாக இருக்கும். ஒட்டும் கொக்கியில் மாட்டுவதானால் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டியபின் ஒரு மணி நேரம் பொறுத்துப் பாரம் ஏற்றுங்கள். உடனே மாட்டுவதுதான் நள்ளிரவில் விழுகிறது. சிவப்புத் துணி எதையும் நேர் வெயில் படும் ஜன்னலில் விடாதீர்கள், சிவப்புச் சாயம் வெயிலில் வேகமாக வெளுக்கும்.

மேலிலைகள் சிவக்கும் தொட்டிச் செடியான பாயின்செட்டியாவை உயிருள்ளதாகவே வைப்பதானால் தொட்டியைச் சுற்றிய பளபளத் தாளின் அடியில் துளை போடுங்கள். தண்ணீர் தேங்கி வேர் அழுகினால் இலை கொட்டும். மண் மேல்பரப்பு காய்ந்தபின் ஊற்றினால் போதும். 10 டிகிரிக்குக் கீழான குளிரும் அதற்கு ஆகாது.

அலங்காரத்தைக் கழற்றும்போது விளக்கைக் கடைசியாக எடுத்து, அட்டைத் துண்டில் பிளக் முனை வெளியே இருக்கும்படி சுற்றினால் அடுத்த முறை பிரிக்காமலே எரியவிட்டுப் பார்க்கலாம். ரிப்பன் முடிச்சின் காதுகளுக்குள் காகிதம் திணித்து வையுங்கள். மரம் மட்டும் வந்த பெட்டிக்குள் திரும்பப் போகாது. அதைவிடப் பெரிய பை ஒன்றை மரத்தோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.