பழைய கார் வாங்குகிறீர்களா? ‘விபத்துப் பதிவு இல்லை’ என்ற பச்சை டிக்கை நம்பிவிடாதீர்கள்

சேசிஸ் நம்பரைப் போட்டால் காரின் முழு ஜாதகமும் கிடைக்கும் என்று சொல்லும் ஒரு தளத்துக்குப் பணம் கட்டினேன். அது கொடுத்த அறிக்கையில் குறை எதுவும் இல்லை. காரை வாங்கினேன். அது வெள்ளத்தில் மூழ்கிய கார்.

அந்தத் தளம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த 17 இலக்க சேசிஸ் நம்பரைப் போட்டதும் திரையில் ஒரு கோடு மெல்ல நகரும். ‘விபத்து விவரங்களைத் தேடுகிறோம்’, ‘இன்சூரன்ஸ் விவரங்களைத் தேடுகிறோம்’ என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் ‘4 பதிவுகள் கிடைத்தன’ என்று சிவப்பில் காட்டி, அவற்றை மங்கலாக்கி வைத்துக்கொண்டு பணம் கேட்கும். கட்டிவிட்டுத் திறந்தால் அந்த நான்கும் இவைதான்: தயாரித்த நாடு, மாடல் ஆண்டு, என்ஜின் வகை, பாடி வகை. விபத்து, வெள்ளம், திருட்டு என எல்லாவற்றுக்கும் நேராக ‘பதிவு இல்லை’ என்று ஒரு பச்சை டிக்.

அந்த நான்கு விவரமும் அந்த எண்ணை வைத்தே சொல்லிவிடக் கூடியவை. முதல் எழுத்து ஜே என்றால் ஜப்பான், டபிள்யூ என்றால் ஜெர்மனி. மாடல் ஆண்டு பெரும்பாலும் 10-வது இடத்தில் இருக்கும். இதைப் பிரித்துச் சொல்ல இலவசத் தளங்களே உண்டு. ஆனால் விபத்தும் வெள்ளமும் எண்ணில் எழுதியிருக்காது. இன்சூரன்ஸ் கம்பெனியோ போலீஸோ ஒர்க்‌ஷாப்போ தகவல் கொடுத்திருந்தால்தான் அது ஒரு தரவுத்தளத்தில் ஏறும். முந்தைய ஓனர் கைக்காசு போட்டுச் சரிசெய்திருந்தால் எங்கேயும் ஏறாமலே போகலாம். இதைத் தெரிந்தே மறைத்து, ஒன்றுமில்லாத அறிக்கைக்குப் பச்சை டிக் போட்டு விற்கிறார்கள். அதுதான் என்னால் பொறுக்க முடியாத விஷயம்.

ஏசி போட்டால் வந்த வாடையில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. மெக்கானிக் முதல் வேலையாக சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வெளியே தெரிகிற பகுதி பளிச்சென்று இருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் பழுப்பாகச் சேற்றுக் கறை, குறுக்கே தண்ணீர் நின்ற கோடு. தரைவிரிப்பைத் தூக்கினால் சீட் போல்ட்டுகளில் துரு. ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் காய்ந்த வண்டல்.

அப்புறம் வீட்டுக்கு வந்து, எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி அதே தளத்தில் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் ‘4 பதிவுகள் கிடைத்தன’. பணம் கட்டும் முன் நீங்களும் இதைச் செய்து பாருங்கள். வட அமெரிக்கக் கார்களில் 9-வது இடம் சரிபார்ப்பு இலக்கம், அதாவது மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்கிட்டுப் போடுவது; வேறு ஒரே ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு உதைக்கும், அது தவறான எண் என்று தளம் சொல்லியாக வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. இந்த எண்களில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. 1, 0 என்ற இலக்கங்களோடு குழம்பும் என்று விலக்கிவிட்டார்கள். அந்த எழுத்துகளைப் போட்டாலும் ‘தேடுகிறோம்’ என்று கோடு நகர்ந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

எண்ணை விளம்பரப் படத்திலிருந்து எடுக்காதீர்கள். முன்கண்ணாடியின் கீழ் மூலை, கதவுத் தூணில் ஒட்டிய லேபிள், சேசிஸில் பொறித்தது, ஆர்சி எல்லாவற்றிலும் ஒரே எண்தானா என்று நேரில் பாருங்கள். பல கார்களில் ஸ்கேனர் செருகினால் என்ஜின் கம்ப்யூட்டரும் அதே எண்ணைக் காட்டும். ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைத்திருக்கிறதா என்று பார்க்கப் பணமே வேண்டாம், பல கார் கம்பெனிகளின் தளத்திலேயே தெரியும். அறிக்கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். மெக்கானிக் வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால் அங்கேயே கிளம்பிவிடலாம்.

கார் விற்பவர்களுக்கும் இதே வலை விரிக்கிறார்கள். ‘வாங்கிக்கொள்கிறேன், ஆனால் இந்தத் தளத்தின் அறிக்கைதான் வேண்டும்’ என்று கேள்விப்படாத ஒரு தளத்தின் லிங்க் அனுப்புவார்கள். பணம் கட்டியதும் வாங்குகிறவர் காணாமல் போய்விடுவார்.

இன்னொன்று, அந்தத் தளம் ஒரு தடவைப் பணம் என்று சொல்லிவிட்டு மாதச் சந்தாவில் சேர்த்துவிடுகிறது. கட்டியவர்கள் கார்டு ஸ்டேட்மெண்டைப் பாருங்கள். சந்தா தெரிந்தால் ரத்து செய்துவிட்டு வங்கியிடம் புகார் கொடுங்கள். தளத்தின் வாக்குறுதி, விலை, அறிக்கை மூன்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் திரும்பக் கேட்டு நான் எழுதிய மெயிலுக்குத் தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது. வங்கியில் புகார் நிலுவையில் இருக்கிறது.