தட்டச்சுக் கடைக்குள் செயற்கை நுண்ணறிவு: நீண்ட நாள் பாவித்தபின் சொல்வது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகக் கம்பஸுக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, பிரிண்ட், தமிழ் ஆங்கிலம் இரண்டிலும் ரைப் அடிப்பது, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, கடிதம் எழுதிக் கொடுப்பது, இவைதான் தொழில். கேட்டதற்கு எழுதிப் பதில் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30ஆம் திகதி வெளிவந்தது. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே கம்பஸ் பிள்ளைகள் அதைக் கடைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த வகைச் செயலிகளைத் தொழிலுக்குப் பாவித்து வருகிறேன். இப்போது ஒன்றுக்குக் காசு கட்டுகிறேன், இன்னொன்றை இலவசமாக வைத்திருக்கிறேன். எவை என்று பெயர் சொல்லவில்லை. இரண்டும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. இன்று நான் சொல்லும் குறை அடுத்த மாதம் இல்லாமலும் போகலாம். என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்களுக்கும், படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மனம் நிறைந்து சொல்ல வேண்டியது சிங்களக் கடிதங்களைப் பற்றித்தான். 1987இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. ஆனாலும் தனிச் சிங்களத்தில் கடிதம் வருவது நின்றபாடில்லை. போன வருடம் ஒரு வயதான அம்மா ஓய்வூதியக் கடிதம் ஒன்றைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். "பிள்ளை, இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருக்கால் பார். ரெண்டு நாளா நித்திரை இல்லை" என்றார். போனில் படம் எடுத்துப் போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் தமிழில் வந்தது. "அம்மா, காசு ஒண்டும் நிப்பாட்டேல்லை. நீங்கள் இருக்கிறியள் எண்டதுக்கு விதானையாரிட்டக் கையெழுத்து வாங்கி உயிர்வாழ் சான்றிதழ் அனுப்பச் சொல்லியிருக்கு" என்றேன். "அவ்வளவுதானோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

முன்பெல்லாம் இப்படி ஒரு கடிதம் வந்தால், தெற்கில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரிடம் அனுப்பிவைப்பேன். அவர் வீட்டில் இல்லாவிட்டால் நாளைக்கு, நாளையும் இல்லாவிட்டால் அடுத்த கிழமை. அதுவரை வீட்டில் எல்லாருக்கும் பயம். அந்தப் பயத்தை இந்தச் செயலி ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டது. இது ஒன்றுக்காகவே நான் கட்டும் காசு தகும். ஆனால் மொழிபெயர்ப்பு வந்ததும் மூலக் கடிதத்தை மேசையில் வைத்து, திகதி, தொகை, இலக்கம் மூன்றையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண்கள் ஒன்றுதானே. நீதிமன்றம், காணி சம்பந்தப்பட்டதென்றால் இப்போதும் அந்த ஐயாவிடம்தான் போகச் சொல்கிறேன். வெளிநாட்டுக்கு அனுப்பும் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்புக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அந்தப் பொறுப்பைச் செயலி ஏற்காது.

தமிழ் எழுதுவதில் ஆரம்பத்தில் நிறையச் சிரமப்பட்டோம். மெதுவாக வரும், நீளமான கடிதம் பாதியில் நின்றுவிடும். இதற்கு ஒரு காரணம் உண்டு. யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, கால், புள்ளி எல்லாம் தனித்தனி) 3 பைட் பிடிக்கும். 'யாழ்ப்பாணம்' என்ற ஒரு சொல்லுக்கு 33 பைட். அதே ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 6. அதோடு, இந்தச் செயலிகள் எதையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் வாசிக்கின்றன. ஆங்கிலத்துக்கென்று பழக்கிய கத்தியால் தமிழை வெட்டினால் துண்டுகள் கூடிவிடும். 2024 மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது, முன்பு 116 துண்டாக வெட்டுப்பட்ட ஒரு தமிழ்ப் பந்தி இப்போது 35 துண்டுதான் என்று எடுத்துக்காட்டியிருந்தது. அந்தக் காலத்தையொட்டி எனக்கும் வித்தியாசம் தெரிந்தது. இப்போது கடிதம் பாதியில் நிற்பதில்லை, வசனமும் நன்றாக ஓடுகிறது.

நன்றாக ஓடுகிறதுதான், ஆனால் அது எங்கள் ஊர்த் தமிழாக இருப்பதில்லை. காணிப் பிணக்கு ஒன்றுக்குப் பிரதேச செயலாளருக்கு முறைப்பாடு எழுதச் சொன்னால், தமிழ்நாட்டுப் பதவியான தாசில்தாருக்கு எழுதித் தருகிறது. உயர்தர (ஏ.எல்.) உயிரியல் படிக்கும் பிள்ளை ஒளித்தொகுப்பைப் பற்றிக் கேட்டால் தமிழ்நாட்டுப் பாடநூலின் சொற்களில் பதில் வருகிறது. பரீட்சையில் எதை எழுதுவது என்று பிள்ளை குழம்பிப்போகிறது. இதையெல்லாம் வாசித்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். கணக்கில் வரும் பிழைதான் ஆபத்து. ஒருவர் தன் காணியின் அளவைச் சதுர அடியில் கேட்டார். எங்கள் ஊர்க் காணி அளவான வரகுப் பரப்பு ஒன்றுக்கு 18 குழி, 16 பரப்பு ஒரு ஏக்கர். அப்படியென்றால் ஒரு குழி 151 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல் வரும். செயலி எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரு குழி 144 சதுர அடி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. அது தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழி. ஒரு பரப்பில் மட்டும் 130 சதுர அடி காணாமல் போகிறது. விலை பேசும் இடத்தில் இந்தத் தாளைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் காணிக் கணக்கு தெரியாத ஒருவர் கடையில் இருந்திருந்தால் அது அப்படியே பிரிண்ட் ஆகிப் போயிருக்கும்.

செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. கணினியில் கிடக்கும் தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது, அதைத்தான் அது படித்திருக்கிறது. எங்கள் பழைய மலர்களையும் பத்திரிகைகளையும் இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகங்களையும் 2005இலிருந்து எண்ணிமப்படுத்தி இணையத்தில் ஏற்றி வரும் நூலகம் திட்டத்தை இந்த நேரத்தில் மிகுந்த நன்றியோடு நினைக்கிறேன். அங்கே ஏறும் ஒவ்வொரு பக்கமும் எங்கள் ஊரைப் பற்றிச் சரியான பதில் வருவதற்கு ஒரு வழி. வீட்டில் பழைய பாடசாலை மலரோ, கோயில் மலரோ வைத்திருப்பவர்கள் கறையான் தின்ன முதல் அதைக் கொடுத்து உதவ வேண்டும்.

கையால் எழுதிய பழைய காணி உறுதிகளைச் செயலியிடம் வாசிக்கக் கொடுக்கவே வேண்டாம். அச்செழுத்தை நன்றாக வாசிக்கிறது. பழைய நொத்தாரிசுமாரின் கூட்டெழுத்து வந்ததும், தெரியாத இடத்தைத் தெரியவில்லை என்று விடாமல் தானாக ஒரு பெயரைப் போட்டு நிரப்பிவிடுகிறது. எல்லையில் இருக்கிற காணிக்காரரின் பெயரே மாறிவிடும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கடைகளில் இருக்கும் பழைய வேலைகளில் முக்கால்வாசி பாமினிதான். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் பாதியைச் சரியாக மாற்றி மீதியைத் தன் எண்ணத்துக்கு எழுதுகிறது. பழைய பாமினி–யூனிகோட் மாற்றியே இதற்குப் போதும். அது எழுத்துக்கு எழுத்து அட்டவணைப்படி மாற்றும், தன்பாட்டில் எதையும் சேர்க்காது.

கடைக்காரர்கள் எல்லாரிடமும் நான் மன்றாட்டமாகக் கேட்பது ஒன்று. ஆட்களின் கடிதத்தைப் படம் எடுத்து ஏற்ற முதல் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் ஒரு கடதாசித் துண்டால் மறையுங்கள். எங்கள் அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமல்ல. பிறந்த ஆண்டு, வருடத்தின் எத்தனையாவது நாள், ஆணா பெண்ணா எல்லாம் அதிலேயே இருக்கிறது; பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டியிருப்பார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், எங்களை நம்பித் தாளை நீட்டுகிறார்கள், அதற்கு மேல் என்ன வேண்டும்.

வருமானத்தைப் பற்றிக் கேட்பவர்கள் நிறையப் பேர். ரைப் அடிக்கும் வேலை நன்றாகக் குறைந்துவிட்டது. பிள்ளைகள் போனிலேயே எல்லாம் செய்துகொண்டு பிரிண்டுக்கு மட்டும் வருகிறார்கள். அதற்குப் பதிலாக வந்திருப்பது சரிபார்க்கும் வேலை. "அக்கா, இதை ஒருக்கா வாசிச்சுத் திருத்தித் தாங்கோ" என்று செயலி எழுதிய தாளோடு வருகிறார்கள். ஒரு பக்கம் திருத்துவதற்கு ஒரு பக்கம் அடிக்கும் நேரத்தைவிடக் கூட எடுக்கிறது. ஆனால் அடிப்பதற்குக் காசு கொடுக்கப் பழகிய சனம் வாசிப்பதற்குக் காசு கொடுக்க யோசிக்கிறது. "நீங்கள் ஒண்டும் செய்யேல்லையே, வாசிச்சதுதானே" என்று முகத்துக்கு நேரே கேட்டவரும் உண்டு. நான் இப்போது விலைப் பலகையில் 'சரிபார்த்தல்' என்று தனியாக எழுதி ஒரு தொகையும் போட்டுவிட்டேன். மற்றக் கடைக்காரர்களும் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். செயலிக்குக் கட்டுவது மாதம் 20 டொலர் என்றால் இன்றைய நிலவரத்துக்கு ஆறாயிரம் ரூபாவை எட்டுகிறது. அதை ரைப் அடிக்கும் காசில் எடுக்க முடியாது.

எனக்கு உண்மையான கவலை வேறு. கடையில் என்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஏ.எல். முடித்தவள், கெட்டிக்காரி. அவளுக்குத் தாசில்தார் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு "நல்ல வடிவா இருக்கே அக்கா" என்றாள். அவளில் பிழை இல்லை. எனக்கு அந்தப் பிழை ஏன் கண்ணில் படுகிறது? வருடக்கணக்காக இப்படியான கடிதங்களைச் சொல் சொல்லாக அடித்திருக்கிறேன். எந்த அலுவலகத்துக்கு எப்படித் தொடங்குவது, காணி உறுதியில் எல்லைகள் எந்த ஒழுங்கில் வரும், எது சொல்லாமல் விட்டால் கடிதம் திரும்பி வரும் என்பதெல்லாம் அடித்து அடித்து விரலுக்குள் போனது. சரிபார்க்கிற கண் அந்த வேலையால் வந்தது. அந்த வேலையைத்தான் இப்போது செயலி செய்கிறது. அப்படியென்றால் அடுத்த தலைமுறைக்குச் சரிபார்க்கிற கண் எங்கிருந்து வரும்? இதற்கு யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

கம்பஸ் பிள்ளைகளிடமும் இதைத்தான் பார்க்கிறேன். பிரிண்டுக்கு வரும் அசைன்மென்றுகளின் வசனம் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே நீளப் பந்தி, கடைசியில் உசாத்துணைப் பட்டியல். ஒரு பெடியனின் பட்டியலில் இருந்த புத்தகம் ஒன்றைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். அப்படி ஒரு புத்தகமே இல்லை. அவன் வெளிறிப்போனான். நல்ல பிள்ளை, அன்றிரவே எல்லாவற்றையும் தேடிச் சரிபார்த்து மறுநாள் கொண்டுவந்தான்.

இதே செயலியை நன்றாகப் பாவிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ரியூசனுக்குக் காசு கட்ட வசதியில்லாத ஒரு பெண் பிள்ளை, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுத்து, "இந்தப் பக்கத்துக்குள்ள இருந்து மட்டும் என்னட்டக் கேள்வி கேள், விடையை நான் சொன்ன பிறகு திருத்து" என்று எழுதிவிட்டுப் படிக்கிறாள். சொற்களும் எங்கள் பாடநூலின் சொற்களாகவே வருகின்றன. பதிலைக் கேட்காமல் கேள்வியைக் கேட்க வைத்த அந்தக் கெட்டித்தனத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். இப்போது கடைக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். பெற்றோருக்கும் சொல்கிறேன்: போனைப் பறிக்க வேண்டாம், பக்கத்தில் இருந்து இப்படிப் படிக்க வையுங்கள்.

தங்கச்சிக்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். எந்தக் கடிதமானாலும் முதலில் அவள் தன் கையால் ஒரு வரைவு எழுத வேண்டும். அப்புறம் செயலியிடம் கேட்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே எது சரி என்று எனக்குச் சொல்ல வேண்டும். நேரம் பிடிக்கிறது, வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் போன மாதம் ஒரு கடன் விண்ணப்பத்தில் செயலி போட்ட வட்டிக் கணக்கு மாத வட்டியா வருட வட்டியா என்று அவளே கேட்டு நிறுத்தினாள். எனக்கு அன்று இருந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது.

வட்ஸ்அப்பில் வரும் வீடியோவைக் காட்டி "பிள்ளை, இது உண்மையோ?" என்று கேட்கும் வயதானவர்கள் கூடிவிட்டார்கள். பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, இனி யாராலும் எளிதில் முடியாது. கனடாவில் இருக்கும் மகனின் குரலில் காசு கேட்டு அழைப்பு வந்தால் உடனே வைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக எடுக்கும் இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

இதையெல்லாம் பார்த்தபின் நான் செய்து வைத்திருப்பது ஒரு பக்கக் குறிப்பு. எங்கள் மாவட்டத்து அலுவலகப் பதவிகள், பரப்பு, குழிக் கணக்கு, ஓ.எல்., ஏ.எல். பாடப் பெயர்கள், திகதி எழுதும் முறை, தெரியாத இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்ற கட்டளை எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு வேலையும் தொடங்க முதல் அதைச் செயலிக்குள் ஒட்டிவிடுகிறேன். பிழைகள் நன்றாகக் குறைந்திருக்கின்றன, எல்லாம் போகவில்லை. காணிக் கணக்கை இப்போதும் கையாலேயே போட்டுப் பார்க்கிறேன். அந்தக் குறிப்பு வேண்டுமென்றால் கடைப்பக்கம் வந்து கேளுங்கள், காசில்லாமல் தருகிறேன். விட்டுப்போன அலுவலகப் பெயர்களும் அளவுகளும் தெரிந்தால் சொல்லிவிட்டுப் போங்கள், சேர்த்துக்கொள்வேன்.