பழைய படகின் பில்ஜ்: சவர்க்காரமா அசிற்றோனா, பொலியெஸ்டரா எபொக்சியா?

கொழும்புத் துறைமுகத்திலோ பொல்கொட வாவியிலோ கட்டிக் கிடக்கும் பழைய பைபர் பாய்மரப் படகொன்றின் தரைப்பலகையைத் தூக்கினால், மூக்கில் ஏறும் டீசல் நாற்றமே பில்ஜின், அதாவது படகின் அடியில் கசிவுநீர் தேங்கும் பள்ளத்தின், நிலையைச் சொல்லிவிடும். எஞ்சின் எண்ணெயும் மழைநீரும் தலைமுடியும் மரத்தூளும் கலந்து கருஞ்சேறாகி, குறுக்குச் சட்டங்களின் அடியில் நீர் வடிவதற்காக விட்ட சிறு துளைகளை அடைத்திருக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், முதலில் தானியங்கிப் பம்பை நிறுத்திவிட்டு, மிதக்கும் எண்ணெயை உறிஞ்சு விரிப்புகளால் எடுத்துவிட வேண்டும். சவர்க்காரத்தை முந்திக்கொண்டு ஊற்றினால் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி நீரோடு கலந்துவிடும்; பிறகு விரிப்பு அதைப் பிரித்தெடுக்காது. அந்தக் கலவையைக் கடலில் விடுவதும் தகாது. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், கழிவுநீரைக் கலன்களில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவருவதே முறை.

எண்ணெயைக் கரைக்கும் திரவமான அசிற்றோன் விரைவாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. பில்ஜிலேயே தேங்கி, மின்பம்பின் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். வெந்நீரும் கிறீஸ் நீக்கியும் மெதுவானவை, பலமுறை தேய்க்கச் சொல்பவை, எனினும் பாதுகாப்பானவை. ஆகவே பெரிய வேலையைச் சவர்க்காரத்திடம் ஒப்படைத்து, பற்றரி இணைப்பைக் கழற்றிக் காற்றோட்டமும் செய்தபின், கடைசித் துடைப்புக்கு மட்டும் துணியில் நனைத்த அசிற்றோனைப் பயன்படுத்துவதே என் தெரிவு. எண்ணெய் போகுமுன் தேய்ப்புத்தாளை எடுப்பவர்கள், அழுக்கைக் கீறல்களுக்குள் தாங்களே அழுத்திவிடுகிறார்கள். சுத்தமாகிவிட்டதா என்று அறியச் சிறிது நன்னீர் தெளித்துப் பார்க்கலாம்: நீர் முத்துமுத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் உண்டு, ஒரே படலமாகப் பரவினால் தேய்ப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கலாம்.

வெடிப்புகளை அடைப்பதில் பொலியெஸ்டர் ரெசினுக்கு மலிவு என்ற பலம் உண்டு. மீன்பிடிப் படகு கட்டுபவர்கள் அதையே அதிகம் கையாள்வதால், வேலை தெரிந்தவர்களைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஆனால் அது புதிய கட்டுமானத்துக்குப் பொருந்தும் அளவுக்கு, ஏற்கெனவே இறுகிய பழைய படையின்மேல் ஒட்டாது. எண்ணெய்ச் சுவடு சிறிது மிஞ்சியிருந்தாலும் விளிம்பிலிருந்து உரியத் தொடங்கும். கடினமாக்கியோடு கலந்து இறுக வைக்கும் மற்றொரு ரெசினான எபொக்சியின் பிடிமானம் உறுதியானது, நீரை ஊடுருவ விடுவதும் குறைவு. இதற்குக் கூடுதலாகச் செலவிடுவது வீண் அல்ல.

ஆயினும் கொழும்பின் வெப்பம் எபொக்சியைச் சோதிக்கும். கோப்பையில் அதிகம் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகையத் தொடங்கும். ஆகவே மெதுவாக இறுகும் கடினமாக்கியை வாங்கி, சிறு அளவுகளாகக் கலந்து உடனே பரப்ப வேண்டும். ஈரப்பதத்தில் இறுகும்போது மேலே மெழுகுபோன்ற வழவழப்பு படியக்கூடும். அடுத்த படைக்கு முன் அதை நீரால் கழுவித் தேய்த்து நீக்காவிட்டால் பூச்சு நிற்காது. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைத் தவிர்த்து, சனவரி முதல் மார்ச் வரையான உலர்ந்த வாரங்களில் இவ்வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

மேற்பூச்சுக்கு வெளிர்சாம்பல் அல்லது வெள்ளையே ஏற்றது, புதிய கசிவு அதில் உடனே தெரியும். படகின் அடியிலுள்ள கனமான கீலை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றித் துரு வழிந்திருந்தால் மட்டும் எதையும் பூசாதீர்கள். போல்ட்டைப் பரிசோதிக்காமல் மூடினால், ஈரம் உள்ளேயே சிக்கி உலோகத்தைத் தின்னும்.