அமேசானுக்கு யார் அதிகம் கொடுத்தார்கள், யார் விவரமாகக் கொடுத்தார்கள்

2017 செப்டம்பரில் அமேசான் ஓர் அறிவிப்பு விட்டது. சியாட்டிலில் இருப்பதற்குச் சமமாக வட அமெரிக்காவில் இன்னொரு தலைமையகம் கட்டப்போகிறோம், 500 கோடி டாலர் போடுவோம், 50,000 பேருக்கு வேலை, சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல், எந்த ஊர் என்ன தரும் என்று எழுதி அனுப்புங்கள் என்றது. ஆறு வாரத்தில் 238 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

அப்புறம் நடந்ததில் பாதி கூத்து. டூசான் நகரத்துக்காரர்கள் 21 அடிக் கள்ளிச்செடி ஒன்றை அனுப்பிவைத்தார்கள், அமேசான் அதை ஒரு பாலைவன அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டது. கான்சஸ் சிட்டி மேயர் ஸ்லை ஜேம்ஸ் அமேசானில் ஆயிரம் பொருள்களுக்கு ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதி, ஒவ்வொன்றிலும் தன் ஊர்ப் பெருமையைச் சேர்த்துவிட்டார். ஜார்ஜியாவில் ஸ்டோன்கிரெஸ்ட் என்ற சின்ன ஊர் தன் நிலத்தில் 345 ஏக்கரைப் பிரித்து 'அமேசான்' என்றே பெயர் வைக்கத் தயார் என்றது. கள்ளிச்செடி அனுப்பிய ஊரும் நட்சத்திரம் போட்ட ஊரும் 2018 ஜனவரியில் வந்த 20 ஊர்ப் பட்டியலில் இல்லை.

சரி, அந்த 20-இல் எல்லாவற்றையும் ஒப்பிட இங்கே இடமில்லை, தேவையுமில்லை. இரண்டு ஆறுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், முக்கால்வாசிக் கதை அதிலேயே இருக்கிறது.

முதலில் வாஷிங்டன் பக்கத்து பொட்டோமாக் ஆறு. ஒரு கரையில் மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), மறுகரையில் விர்ஜீனியாவின் ஆர்லிங்டன். மேரிலாந்து 850 கோடி டாலர் திட்டத்தோடு வந்தது: ஏறக்குறைய 650 கோடி வரிச்சலுகை மாதிரியானவை, 200 கோடி சாலை, ரயில் செலவு. 50,000 வேலைக்குக் கணக்குப் போட்டால் சலுகை மட்டும் ஒரு வேலைக்கு 1,30,000 டாலர் வருகிறது. விர்ஜீனியா கடைசியில் கொடுக்க ஒப்புக்கொண்டது 25,000 வேலைக்கு 57.3 கோடி. அதில் 55 கோடி மாநிலத்தினுடையது, அதாவது ஒரு வேலைக்கு 22,000 டாலர். மீதி 2.3 கோடி ஆர்லிங்டன் தர வேண்டியது, அதுவும் ஹோட்டல் அறை வரி வசூல் கூடினால் அந்தக் கூடுதலில் ஒரு பங்குதான்.

இரண்டு கரைக்கும் ஒரே மெட்ரோ ரயில், ஆள் எடுப்பதும் ஒரே வட்டாரத்தில். ஆறு மடங்கு கொடுக்க முன்வந்த கரையை விட்டுவிட்டு அமேசான் எதிர்க்கரைக்குப் போனது.

ஏன்? என் கணிப்பில் முக்கியமான காரணம், விர்ஜீனியா பணத்தை நிறுவனத்தின் கையில் திணிக்காமல் ஊரில் போட்டது. கணினி படித்த ஆள் கிடைக்குமா என்பதுதான் அமேசானின் உண்மையான கவலை. அதைப் புரிந்துகொண்டு, 20 ஆண்டுகளில் கூடுதலாக 25,000 கணினித் துறைப் பட்டதாரிகளை உருவாக்கும் திட்டத்தை மாநிலம் கையில் எடுத்தது. பக்கத்து அலெக்சாண்ட்ரியாவில் விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 100 கோடி டாலரில் புது வளாகம் என்று அறிவித்தது. மெட்ரோ நிலையத்துக்கு இரண்டாவது வாசல், விமான நிலையத்துக்கு நடந்து போக ஒரு பாலம் போன்றவற்றுக்கு மாநிலம் 19.5 கோடி ஒதுக்கியது. அமேசான் நாளைக்கே மனம் மாறினாலும் பட்டதாரிகளும் மெட்ரோ வாசலும் அங்கேயேதான் இருப்பார்கள். இடமும் தோதாக அமைந்தது. ஆர்லிங்டனின் கிறிஸ்டல் சிட்டியில் இருந்த ராணுவ அலுவலகங்களை இடம் மாற்ற 2005-இல் முடிவெடுத்ததால் பல ஆயிரம் வேலைகள் வெளியேறி, கட்டடங்கள் ஆள் தேடிக்கொண்டிருந்தன.

அடுத்தது ஹட்சன். அந்தப் பக்கம் நியூ ஜெர்சியின் நூவர்க், மாநிலமும் நகரமும் சேர்ந்து 700 கோடி, வேலைக்கு 1,40,000 டாலர். இந்தப் பக்கம் நியூயார்க், நேரடிச் சலுகை 152.5 கோடி, ஏற்கெனவே சட்டத்தில் இருக்கும் நகரச் சலுகைகளையும் கூட்டினால் 300 கோடியை நெருங்கும். இங்கேயும் குறைவாகச் சொன்ன கரைதான் ஜெயித்தது. 2018 நவம்பர் 13 அன்று நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் உள்ள லாங் ஐலண்ட் சிட்டிக்கு 25,000 வேலை, ஆர்லிங்டனுக்கு 25,000, நாஷ்வில்லுக்கு ஆறுதல் பரிசாக 5,000 என்று அறிவித்தார்கள். ஒரே தலைமையகம் என்று சொல்லி 238 ஊர்களை ஓடவிட்டு, கடைசியில் இரண்டாகப் பிரித்ததில் எனக்கு இன்னும் எரிச்சல் உண்டு. 50,000 வேலை என்று நம்பித்தானே எல்லோரும் கணக்குப் போட்டார்கள்?

ஜெயித்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நியூயார்க் ஒப்பந்தம் எவ்வளவு மோசமாகப் பின்னப்பட்டது என்று தெரியும். நேரடிச் சலுகையை வேலைக் கணக்கில் வகுத்தால் 61,000 டாலர், விர்ஜீனியாவைப் போல ஏறக்குறைய மூன்று பங்கு. அதில் பெரும்பகுதியான 120 கோடி வரிக்கழிவு, நிறுவனம் கட்ட வேண்டிய வரியைவிடக் கழிவு அதிகமாக வந்தால் மீதியைக் காசாகத் திருப்பித் தரும் வகையைச் சேர்ந்தது. நகர மன்றம் நில அனுமதிக்கு வாக்களிக்கும் வழக்கமான பாதையையும் தவிர்த்து, மாநில அமைப்பு ஒன்றின் வழியாகத் திட்டத்தை நகர்த்த ஆளுநர் கியூமோவும் மேயர் டி பிளாசியோவும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் ஹெலிகாப்டர் இறங்குதளத்துக்கு உதவுவதாகவும் ஒரு வரி இருந்தது. சப்வேயில் நசுங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் ஜனங்களிடம் அதைக் காட்டினால் என்ன ஆகும்? அதேதான் ஆனது. தொழிற்சங்க விஷயத்தில் அமேசான் இறங்கி வராதது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையோர் திட்டத்தை ஆதரித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் வீட்டோ அதிகாரம் உள்ள மாநில வாரியம் ஒன்றுக்கு, எதிர்ப்பில் முன்னால் நின்ற செனட்டர் மைக்கேல் ஜியானாரிஸ் பெயரை முன்மொழிந்தார்கள் (2017-இல் அமேசானை வரவேற்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர்!). 2019 பிப்ரவரி 14 அன்று அமேசான் நியூயார்க்கை விட்டு விலகியது. அடுத்த மாதமே ஆர்லிங்டன் கவுன்டி வாரியம் பொதுமக்களை மணிக்கணக்கில் பேசவிட்டு, எதிர்ப்புக் குரலையும் கேட்டுவிட்டு, ஐந்துக்கு ஐந்து வாக்கில் தன் பங்கை நிறைவேற்றியது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். அந்தச் சலுகை எதுவும் இல்லாமலேயே அமேசான் 2019 டிசம்பரில் மன்ஹாட்டனில் 1,500 பேருக்கு இடம் வாடகைக்குப் பிடித்தது, 2020-இல் ஐந்தாம் அவென்யூவில் பழைய லார்ட் அண்ட் டெய்லர் கட்டடத்தையே வாங்கியது. 25,000 எங்கே, இது எங்கே என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் ஆள் இருக்கும் ஊருக்கு நிறுவனம் எப்படியும் வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆர்லிங்டனும் முழு வெற்றி இல்லை. முதல் கட்டக் கட்டடங்கள் 2023-இல் திறந்தன, ஏறக்குறைய 8,000 பேர் வந்தார்கள். இரண்டாம் கட்டத்தை அதே ஆண்டு மார்ச்சில் தள்ளிவைத்துவிட்டார்கள். இங்கேதான் விர்ஜீனியாவின் புத்திசாலித்தனம் தெரிகிறது. ஆள் எடுத்த பிறகுதான் காசு, அதுவும் சில ஆண்டுகள் தாமதித்துத்தான் கைக்கு வரும். 2022 கடைசி வரை எடுத்த 6,900-சொச்சம் வேலைக்கு அமேசான் கேட்டது சுமார் 15.3 கோடி. வராத ஆளுக்கு மாநிலம் ஒரு டாலர்கூடத் தர வேண்டியதில்லை.

சலுகையே தராமல் போட்டியிட்டவர்களும் உண்டு. டொரான்டோ தனிச் சலுகை எதையும் நீட்டாமல், எங்கள் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள், குடியேற்றக் கொள்கையைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி 20-க்குள் வந்தது. சான் அன்டோனியோ விண்ணப்பிக்கவே இல்லை. தோற்றாலும் இந்த இரண்டு ஊருக்கும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிகாகோ நிலைமைதான் பரிதாபம். 2001-இல் போயிங் தலைமையகத்துக்காக டல்லஸ், டென்வரோடு மோதி, சுமார் 500 வேலைக்கு 6 கோடி டாலருக்கு மேல் சலுகை கொடுத்து ஜெயித்தது. அமேசானுக்கோ ஊழியர்களின் வருமான வரியில் பாதிக்கு மேல் நிறுவனத்துக்கே திரும்பிப் போகும்படி, 132 கோடி மதிப்பில் ஒரு திட்டம் வைத்திருந்தது. அமேசான் வரவில்லை. 2022 மே மாதம் போயிங்கும் தலைமையகத்தை மாற்றுவதாக அறிவித்தது, ஆர்லிங்டனுக்கு.