நைட் ஷிஃப்ட் முழுக்க கார்ல இருக்கற கன்: லாக்பாக்ஸ் அனுபவம், சில வருஷத்துக்கு அப்புறம்

ஹூஸ்டன் மெடிக்கல் சென்டர் ஏரியால நைட் ஷிஃப்ட் நர்ஸா இருக்கேன், சாயங்காலம் ஏழு மணிக்கு உள்ள போனா காலைல ஏழுக்கு மேலதான் வெளிய வருவேன். லைசன்ஸ் எடுத்து சின்ன 9எம்எம் பிஸ்டல் ஒன்னு கேரி பண்றேன். ஆனா ஹாஸ்பிடல் வாசல்லயே டெக்சஸ் சட்டத்துல 30.06, 30.07-னு இருக்கற பிரிவோட போர்டு ரெண்டும் இருக்கு, அதாவது மறைச்சு வெச்சாலும் சரி வெளிய தெரிஞ்சாலும் சரி, லைசன்ஸே இருந்தாலும் உள்ள கொண்டு வரக்கூடாது. அப்போ வேலை நாள்ல அந்த கன் என் உடம்புல இருக்கற நேரத்தை விட பார்க்கிங் கராஜ்ல நிக்கற காருக்குள்ள இருக்கற நேரம்தான் அதிகம். எந்த கன் வாங்கலாம், எந்த ஹோல்ஸ்டர் (இடுப்புல மாட்டற உறை), எந்த அம்மோ (தோட்டா)ன்னு நம்ம ஆளுங்க மாசக்கணக்கா பேசறாங்க, ஆனா கார்ல இருந்து இறங்கும்போது அதை எங்க வைக்கறதுன்னு கேட்டா பாதி பேரு க்ளவ் பாக்ஸ்னுதான் சொல்றாங்க. அதுக்காகத்தான் லாக்பாக்ஸ், அதாவது கார்ல கன்னைப் பூட்டி வைக்கற ஸ்டீல் பெட்டி பத்தி இதை எழுதறேன்.

முதல்ல நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன், எச்1பி மாதிரி விசால இருக்கவங்க ஃபெடரல் சட்டப்படி பொதுவா கன் வெச்சுக்கவே கூடாது, ஹன்டிங் லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்கு மட்டும்தான். டெக்சஸ்ல 2021 செப்டம்பர் 1-ல இருந்து லைசன்ஸ் இல்லாமலே கேரி பண்ணலாம்னு ஆனதும் நிறைய பேரு "அப்போ எனக்கும் ஓகே"ன்னு நெனச்சுட்டாங்க, அது இவங்களுக்குப் பொருந்தாது. கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் இருக்கவங்க மேல படிங்க.

சட்டத்துல எனக்குத் தேவைப்பட்டது ரெண்டே விஷயம். ஒன்னு, 2011-ல இருந்து டெக்சஸ்ல ஒரு பார்க்கிங் லாட் சட்டம் இருக்கு, சட்டப்படி வெச்சிருக்கற கன்னை வேலை பாக்கறவங்க தன்னோட சொந்த காருக்குள்ள பூட்டி வெச்சா முதலாளி அதைத் தடுக்க முடியாது, கெமிக்கல் ப்ளான்ட், ரிஃபைனரி மாதிரி இடங்களுக்கு தனி நிபந்தனை உண்டு. ரெண்டாவது, இது ஃபெடரல் இடங்களுக்குச் செல்லாது. இதே மெடிக்கல் சென்டர்ல இருக்கற டிபேக்கி விஏ ஹாஸ்பிடல்ல (முன்னாள் ராணுவத்தினருக்கான ஃபெடரல் ஆஸ்பத்திரி) கட்டடம் மட்டுமில்ல, அந்த வளாகம் முழுக்க, பார்க்கிங் லாட் உட்பட, தடை. என்னோட வேலை பாத்த ஒருத்தங்க அங்க மாறினப்போ வீட்லயே வெச்சுட்டுப் போக ஆரம்பிச்சாங்க, அதுதான் சரி.

இப்போ ஏன் இதுல இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்னு சொல்றேன். எவ்ரிடவுன் அமைப்பு எஃப்பிஐ டேட்டாவ வெச்சு 2022-க்கு ஒரு கணக்கு போட்டாங்க, 337 நகரங்கள்ல கிட்டத்தட்ட 1,12,000 கன் திருடு போனதா ரிப்போர்ட் ஆகிருக்கு, அதுல பாதிக்கு மேல கார்ல இருந்து. அவங்க கன் கன்ட்ரோல் பேசற அமைப்பு, அதனால கன் வெச்சிருக்கறவங்க இந்த நம்பரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கறாங்க. நான் திருப்பிக்கல. திருடு போனதுல பெரும்பாலும் யாரோ சட்டப்படி வாங்கின கன்தான், அது அடுத்து யார் கைக்குப் போச்சோ அவன் பேக்ரவுண்ட் செக் எதுவும் தாண்டி வரல. 2015-ல சான் ஃப்ரான்சிஸ்கோல பியர் 14-ல நடந்துட்டிருந்த ஒரு பொண்ணு குண்டு பட்டு இறந்துபோனாங்களே, அந்த கன் சில நாள் முன்னாடி ஒரு ஃபெடரல் ரேஞ்சரோட கார்ல இருந்து திருடினது. பயிற்சி எடுத்த ஆபீசர் காரே அப்படின்னா நம்ம கார் எம்மாத்திரம். ராத்திரி டியூட்டில குண்டடி பட்டு வர்றவங்களை பாக்கற வேலை எனக்கு, அந்தக் குண்டு என் கார்ல இருந்து போன கன்ல இருந்து வந்ததா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

க்ளவ் பாக்ஸ் பத்தி நீளமா பேச ஒன்னுமில்ல. பூட்டு இருந்தாலும் அது ப்ளாஸ்டிக் கொக்கி, ஒரு ஸ்க்ரூட்ரைவர் போதும், திருடன் முதல்ல கை வைக்கற இடமும் அதுதான். கலிஃபோர்னியா சட்டத்துல க்ளவ் பாக்ஸைப் பூட்டின பெட்டியாவே கணக்குல எடுத்துக்கறதில்லை. சீட்டுக்கு அடியில, டோர் பாக்கெட்ல, கன்சோல்ல டிஷ்யூவுக்கு கீழ, இதெல்லாம் ஒளிச்சு வைக்கறது, பூட்டி வைக்கறது இல்ல.

நான் முதல்ல யூஸ் பண்ணது கேபிள் வெச்ச சின்ன ஸ்டீல் பெட்டி. 16 கேஜ், அதாவது ஒன்னரை மில்லிமீட்டர் தகடு, சாவிப் பூட்டு, கூடவே ஒரு ஸ்டீல் கேபிள், அதை சீட்டோட இரும்பு ஃப்ரேம்ல சுத்தி பெட்டிக்குள்ள மாட்டிடணும். விலை கம்மி, எந்தக் காருக்கும் ஒத்துவரும், சீட்டுக்கு அடியில தள்ளிடலாம். ரொம்ப நாள் எந்தப் பிரச்சனையும் இல்லாம ஓடுச்சு. ஆனா எங்க யூனிட்ல ஒருத்தங்களுக்கு ஒரு ரெஸ்டாரன்ட் பார்க்கிங்ல கண்ணாடி ஒடச்சு பெட்டியோட தூக்கிட்டுப் போய்ட்டாங்க, சீட்டுக்கு அடியில மிச்சம் இருந்தது நறுக்கின கேபிள் துண்டு மட்டும். அந்த மாதிரி கேபிளை கையடக்க கட்டர் வெச்சு சில நொடில வெட்டிடலாம், பெட்டிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா உடைச்சுக்கலாம். அப்புறம் இன்னொரு விஷயம், பெட்டி கீழ இருந்தா ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு, தலை சீட்டுக்கு நடுவுல போற மாதிரி இருந்து, கைல கன்னோட பூட்டைத் தேடணும், அந்த நேரம் சுத்தி என்ன நடக்குதுன்னே தெரியாது. இப்பவும் அதைத் தூக்கிப் போடல, வாடகைக் கார் எடுத்தா இல்ல வெளியூர் போனா கூட வரும். தினமும் பன்னண்டு மணி நேரம் நிக்கற காருக்கு அது பத்தாதுங்கறது என் முடிவு.

கைரேகை வெச்சுத் திறக்கற பெட்டி வாங்கலாமான்னு நிறைய பேரு கேட்பாங்க. காருக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். 2023 அக்டோபர்ல ஃபார்ட்ரஸ் கம்பெனி சுமார் 61,000 பயோமெட்ரிக் சேஃபை ரீகால் பண்ணாங்க, ஒரு 12 வயசுப் பையன் இறந்ததுக்கு அப்புறம். கைரேகை பதிஞ்சாச்சுன்னு வாங்கினவங்க நெனச்சுட்டு இருக்க, பெட்டி யார் விரல் வெச்சாலும் திறக்கற நிலையிலயே இருந்திருக்கு. 2024 ஆரம்பத்துல வேற சில பிராண்டும் இதே காரணத்துக்கு ரீகால் ஆச்சு. அதுபோக நாங்க நர்ஸுங்க, நாள் முழுக்க சானிடைசர், சோப்புன்னு கை காஞ்சு விரல் நுனி தேஞ்சு கிடக்கும், ஃபோனே ஷிஃப்ட் முடிஞ்சா என் விரலை அடையாளம் கண்டுபிடிக்காது. ஹூஸ்டன் வெயில்ல பேட்டரிய நம்பவும் எனக்கு மனசில்ல. வீட்ல ஏசி ரூம்ல, நல்லா டெஸ்ட் பண்ண மாடல்னா அது வேற கதை.

அப்புறம்தான் இப்ப இருக்கறது, கன்சோல் இன்சர்ட். அதாவது ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கை வைக்கற பெட்டி இருக்கே, அதுக்குள்ள அந்த மாடல் காருக்குன்னே அளவெடுத்து செஞ்ச ஸ்டீல் பெட்டி. 12 கேஜ், கிட்டத்தட்ட 2.7 மில்லிமீட்டர். என் கார் டொயோட்டா 4ரன்னர், அதுக்கு ரெடியாவே கிடைச்சுது, முன்னூறு டாலர் பக்கம் ஆச்சு. டெக்சஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து கன் லாக்பாக்ஸ், சேஃப் மாதிரி சாமானுக்கு சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, பில்ல டாக்ஸ் போட்டிருந்தா கேளுங்க. மாட்டறதுக்கு ட்ரில் எதுவும் போடல, உள்ள இருக்கற ப்ளாஸ்டிக் தட்டை எடுத்துட்டு கம்பெனி போல்ட் இருக்கற இடத்துலயே இறுக்கறதுதான், என் வீட்டுக்காரர் ஒரு மத்தியானத்துல முடிச்சுட்டார். முக்கியமான விஷயம் என்னன்னா போல்ட் எல்லாம் பெட்டிக்கு உள்பக்கம் இருக்கு, மூடிப் பூட்டிட்டா வெளிய இருந்து போல்ட்டைத் தொட முடியாது. கன்சோல் மூடிய சாத்திட்டா பெட்டி இருக்கறதே தெரியாது. வெளிய இருந்து எட்டிப் பாக்கறவனுக்கு சாதாரண கார்.

இது உடைக்கவே முடியாததா? இல்ல. க்ரைண்டரும் நேரமும் இருந்தா எதுவும் உடையும். ஆனா கார் கண்ணாடி ஒடைக்கறவன் அலாரம் அடிச்சுட்டு இருக்கும்போது ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்தான் நிப்பான், அந்த நேரத்துல கையில எடுத்துட்டு ஓடற மாதிரி ஒன்னும் இருக்கக்கூடாது, அதுக்கு இந்தப் பெட்டி போதும். வீட்டு சேஃப் செய்யற வேலைய கார்ல எந்தப் பெட்டியும் செய்யாது, ராத்திரி வீட்டு முன்னாடி நிக்கற கார்ல விட்டுட்டு தூங்கறவங்க இந்தப் பெட்டி இருந்தாலும் தப்புதான் பண்றாங்க.

குறைன்னா, கன்சோல்ல இருந்த இடம் முழுசா போச்சு. டிஷ்யூ, சார்ஜர், சன்கிளாஸ் எல்லாம் டோர் பாக்கெட்டுக்குப் போயிடுச்சு. உள்ள ஒட்டியிருந்த ஃபோம் ரெண்டாவது சம்மர்ல பசை விட்டு எழும்பிடுச்சு, நானே வேற ஃபோம் வெட்டி வெச்சேன். சாவிப் பூட்டு எடுத்ததுல எனக்கு திருப்தி, நம்பர் பூட்டு இருட்டுல கண்ணாடி போடாம பாக்க முடியாது. ஆனா அந்தச் சாவி கார் சாவியோட ஒரே வளையத்துல இருக்கக் கூடாது, வேலட் பார்க்கிங்ல கார் சாவிய நீட்டும்போது கன்னையும் சேர்த்து நீட்டற மாதிரி ஆயிடும். என்னோடது தனி வளையம், ஸ்க்ரப்ஸ் உள்பாக்கெட்ல. கார் வாஷ், ஆயில் சேஞ்ச், சர்வீஸ்னு யார்கிட்ட கார் போனாலும் அதுக்கு முன்னாடியே வீட்ல எடுத்து வெச்சுட்டுதான் போவேன்.

வெயில் பத்தி சொல்லணும். வெளிய 95 டிகிரின்னா மூடின காருக்குள்ள ஒரு மணி நேரத்துல இன்னும் 40 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் ஏறும். கராஜ் நிழல்ல பரவால்ல, ஆனா பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போற ஞாயித்துக்கிழமை திறந்த வெளில நிக்கும் (கோயிலுக்குள்ள இடுப்புல வெச்சுட்டுப் போக எனக்கு மனசு வராது, அது என் சொந்த முடிவு). திரும்பி வந்து பெட்டியத் திறந்தா மெட்டல் தொட முடியாத சூடு, கொஞ்சம் ஏசி ஓடவிட்டுட்டுதான் எடுக்கவே முடியும். அந்தச் சூட்டுல அம்மோ தானா வெடிக்காது, பயப்படாதீங்க. ஆனா வருஷக்கணக்கா அப்படியே கிடந்தா நம்பகத்தன்மை குறையலாம்னு நான் வருஷத்துக்கு ஒரு தடவை கேரி அம்மோவ ரேஞ்சுல சுட்டுத் தீர்த்துட்டு புதுசு போடறேன். சூட்டை விட எனக்குத் தொல்லை ஈரம்தான், கடலோர ஊரு, மூடின ஸ்டீல் பெட்டிக்குள்ள காத்து போகாது, வேர்வையோட வெச்சா சின்ன ஸ்க்ரூல எல்லாம் துரு எட்டிப் பாக்கும். ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட், வாரம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால துடைக்கறது, அப்புறம் பிரச்சனை வரல.

இதை எல்லாத்தையும் விட எனக்கு முக்கியமாப் படறது, கன்னை எத்தனை தடவை கையில எடுக்கறோம்ங்கறதுதான். பார்க்கிங் லாட்ல ஸ்டியரிங்குக்குப் பின்னாடி குறுகலான இடத்துல, சீட் பெல்ட், ட்ரெஸ், இருட்டு, அவசரம், அங்கதான் தவறுதலா வெடிக்கற வாய்ப்பு அதிகம். அதனால கன்னை ஹோல்ஸ்டர்ல இருந்து உருவவே மாட்டேன். ட்ரிகரை முழுசா மூடற கெட்டியான கைடெக்ஸ் (ஒரு வகை ப்ளாஸ்டிக்) ஹோல்ஸ்டர், அந்த ஹோல்ஸ்டரோட கிளிப்பைக் கழட்டி அப்படியே பெட்டிக்குள்ள போயிடும், வரும்போதும் அப்படியே வரும். சில பேரு ஒவ்வொரு தடவையும் சேம்பர்ல, அதாவது சுடத் தயாரா தோட்டா நிக்கற அறைல, இருக்கற ரவுண்டை (தோட்டாவை) எடுத்துட்டு திரும்பப் போடுவாங்க, அது பாதுகாப்புன்னு நெனச்சு. ஆனா ஒரே ரவுண்டை திரும்பத் திரும்ப சேம்பர் பண்ணா முனைல இருக்கற புல்லட் கொஞ்சம் கொஞ்சமா தோட்டாக் கூட்டுக்குள்ள அழுந்தும், செட்பேக்னு சொல்வாங்க, சுடும்போது ப்ரஷர் ஏறும். அதோட தேவையில்லாம கன்னோட விளையாடற நேரமும் கூடுது.

இன்னொன்னு, நான் ஹாஸ்பிடல் கராஜுக்கு வந்துட்டு கன்னைப் பெட்டில வைக்கறதில்லை. வேலைக்கு நேராப் போற நாள்ல வீட்டு கராஜ்லயே, கதவு மூடியிருக்கும்போதே பெட்டிக்குள்ள போயிடும். ஹாஸ்பிடல் கராஜ்ல பார்க் பண்ணி இறங்கிப் போறேன், அவ்வளவுதான், யாராவது பாத்தா ஒரு நர்ஸ் பையை எடுத்துட்டுப் போறதுதான் தெரியும். இடுப்புல இருந்து கழட்டி கன்சோல்ல வைக்கறதை யாராவது ஒருத்தன் பாத்துட்டா பெட்டியோட பாதிப் பயன் அங்கயே போச்சு. கார் பின்னாடி கன் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டறதும் அதே மாதிரிதான், உள்ள என்ன இருக்குன்னு நாமளே எழுதி ஒட்டறது.

வீட்டுக்காரர் ஒரு நாள் நேராவே கேட்டார், ஷிஃப்ட் முழுக்க கார்ல கிடக்கறதுக்கு எதுக்கு எடுத்துட்டுப் போறேன்னு. நியாயமான கேள்வி, நான் நிறைய யோசிச்சேன். கராஜ்ல நடக்கும்போது அது எனக்கு உதவப் போறதில்லை, அது பெட்டிக்குள்ள இருக்கு. காலைல பெட்ரோல் போடவோ வேற எங்கயாவது நிக்கவோ வேண்டிய நாள் உண்டு, அன்னைக்கு எடுத்துட்டுப் போறேன். வீடு, ஹாஸ்பிடல், வீடுன்னு இருக்கற நாள்ல இப்பல்லாம் வீட்டு சேஃப்லயே விட்டுடறேன். எவ்வளவு நல்ல பெட்டி இருந்தாலும் கார்ல இல்லாத கன்னை யாராலயும் கார்ல இருந்து திருட முடியாது.

பொண்ணு கூட வரும்போதும் இந்தப் பெட்டிதான் எனக்கு நிம்மதி. ஸ்கூல்ல கூப்பிட வரிசைல நிக்கும்போது அவ முன்சீட்டுக்கு எட்டி எதையாவது நோண்டுவா. டெக்சஸ்ல லோட் பண்ண கன்னை அஜாக்கிரதையா விட்டு, அது 17 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தை கைக்குப் போனாலே குற்றம், குழந்தை அதை வெடிச்சு உயிர்ச்சேதம் ஆனா தண்டனை இன்னும் பெருசு. சட்டம் இல்லாட்டியும் பூட்டித்தான் வெச்சிருப்பேன்.

வேற ஸ்டேட் போறவங்க அந்தந்த ஊர் சட்டத்தைப் பாத்துட்டுப் போங்க. கொலராடோல 2025 ஜனவரி 1-ல இருந்து, ஆளில்லாத கார்ல ஹேண்ட்கன் விட்டா கெட்டியான பூட்டின பெட்டிக்குள்ள, கண்ணுக்குத் தெரியாம, காரையும் பூட்டித்தான் விடணும். டென்வர்ல மச்சான் வீட்டுக்குப் போகும்போது எனக்குப் புதுசா ஒன்னும் வாங்க வேண்டியிருக்கல.

சீரியல் நம்பரை கன்லயே விட்டுட்டு சும்மா இருக்காதீங்க, ஒரு ஃபோட்டோ எடுத்து வேற இடத்துல வெச்சுக்கோங்க, போலீஸ் திருட்டு கன்னை நாடு முழுக்க தேடற டேட்டாபேஸ்ல ஏத்தணும்னா அந்த நம்பர் வேணும். எங்க யூனிட்ல திருட்டு கொடுத்தவங்ககிட்ட அந்த நம்பர் கையில இல்ல, வாங்கின கடைய திரும்பக் கூப்பிட்டு எடுக்கறதுக்குள்ள ரெண்டு நாள் போச்சு.

அடுத்த வருஷம் கார் மாத்தறதா இருக்கோம், இந்த இன்சர்ட் வேற மாடல்ல பொருந்தாது, அந்தக் காசு திரும்ப வராது. அதனால இந்தத் தடவை டீலர்ஷிப் போறதுக்கு முன்னாடியே எந்தெந்த மாடலுக்கு கன்சோல் பெட்டி கிடைக்குதுன்னு லிஸ்ட் எடுத்து வெச்சுட்டேன், வீட்டுக்காரருக்குப் பிடிச்ச ஒரு காருக்கு இன்னும் யாரும் செய்யல, அது லிஸ்ட்ல இல்ல.